வெள்ளமும் தவக்குலும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால், குன்றத்தூர் வட்டாரத்து மக்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது ஸலாமுக்கு அடுத்தபடியாகக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "ஏரியில் எத்தனை அடி?" என்பதே அது. எந்த ஏரி என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி நிறைந்து 5 கண் மதகும் 19 கண் மதகும் திறக்கப்பட்டால், உபரி நீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், வழுதலம்பேடு, திருமுடிவாக்கம் ஓரமாக ஓடி, திருநீர்மலைப் பக்கம் அடையாற்றோடு கலந்து, கடலை நோக்கிச் செல்லும். நம் ஊர் கடற்கரையில் இல்லை. ஆயினும் வங்கக் கடலில் எழும் ஒவ்வொரு புயற்சின்னமும் நம் வாசலில் வந்துதான் கணக்குத் தீர்க்கிறது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியை இப்பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. லிட்டர் கணக்கில் சொன்னால் ஒவ்வொரு நொடியும் 8 லட்சம் லிட்டருக்கும் அதிகம். அதோடு ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீரும் சேர்ந்து அடையாற்றில் புரண்டது. அந்தப் பருவமழையில் தமிழகத்தில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016-ல் வர்தா, 2020-ல் நிவர், 2023-ல் மிக்ஜாம் என்று புயல்கள் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. இனியும் வரும்.

இத்தனைக்கும் பிறகு நம் வீடுகளில் நடப்பது என்ன? பத்திரங்களையும் மருந்துகளையும் ஒரு பையில் எடுத்து வைப்போம், வயதான தாயை இரண்டு நாளைக்கு மாடி வீட்டு உறவினரிடம் விட்டு வைப்போம் என்று வீட்டுப் பெண் சொன்னால், "எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான், உனக்கு ஏன் இந்தப் பயம்? தவக்குல் இல்லையா?" என்று வீட்டு ஆண் வாயை அடைத்துவிடுகிறார். சொல்லப்படுவது உண்மையான சொல். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பதில் எந்த முஸ்லிமுக்கும் சந்தேகம் இருக்க முடியாது. ஆனால் அந்த உண்மையான சொல் எந்த வேலைக்குப் பயன்படுத்தப்படுகிறது என்பதையே இங்கு நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

கத்ரும் கயிறும்

ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்ட மனிதருக்கு, முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த செய்தி திர்மிதி ஷரீபில் இருக்கிறது. நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டு வளர்ந்த செய்திதான் இது. எனினும் இதைவிட ஆழமாக இந்தப் பிரச்சினையைத் தொடும் வரலாறு ஒன்று உண்டு.

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் பயணம் செய்து ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதாகச் செய்தி கிடைத்தது. மூத்த ஸஹாபாக்களைக் கலந்து பேசியபின் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அப்போது அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் கத்ரைவிட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். சாதாரண மனிதரின் கேள்வியன்று இது. இந்த உம்மத்தின் நம்பிக்கையாளர் என்று பெயர் பெற்றவரின் கேள்வி. அதற்கு உமர் (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய மற்றொரு கத்ரின் பக்கமே போகிறோம் என்று விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், எந்தப் பக்கத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் கத்ருப்படிதானே என்று விளக்கமும் தந்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். மழையும் அல்லாஹ்வின் நாட்டம். மேட்டு நிலமும் அவன் நாட்டம். எச்சரிக்கை தரும் வானொலியும், அதைக் கேட்கும் காதும், எழுந்து நடக்கும் காலும் அவன் கொடுத்தவையே. வெள்ளத்தை மட்டும் கத்ரு என்று சொல்லிவிட்டு, தப்பிக்கும் வழியைக் கத்ருக்கு வெளியே தள்ளுவது எந்த வகை ஈமான்? நூஹ் (அலை) அவர்கள் மழை வந்த பிறகு கப்பல் கட்டவில்லை. பார்த்தவர்கள் பரிகசிக்க, தரையில் வைத்துக் கட்டினார்கள். யூஸுப் (அலை) அவர்கள் விளைச்சல் ஆண்டுகளிலேயே பஞ்ச ஆண்டுகளுக்காகத் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். இவர்களைவிடத் தவக்குலில் உயர்ந்தவர்கள் நம் தெருவில் யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்குள் ஒரு ஸுன்னத்

முன்னெச்சரிக்கை என்பது அரசாங்கமும் அதிகாரிகளும் கண்டுபிடித்த புதுப் பழக்கம் என்று எண்ணுவோர் ஹதீஸ் நூல்களைத் திறந்து பார்க்க வேண்டும். இரவில் படுக்குமுன் கதவைச் சாத்தவும், பாத்திரங்களை மூடவும், தோல்பையின் வாயைக் கட்டவும், விளக்கை அணைக்கவும் எம்பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். விளக்கை ஏன் அணைக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் சொன்னார்கள்: எலி திரியை இழுத்துச் சென்று வீட்டையே எரித்துவிடக்கூடும். சுற்றுச்சுவர் இல்லாத மொட்டை மாடியில் உறங்குவதைக் கண்டித்த செய்தி அபூதாவூதில் உண்டு.

ஓர் எலியால் வரக்கூடிய ஆபத்தைக்கூட எண்ணிப் பார்த்து உம்மத்துக்கு எச்சரித்த நபியைப் பின்பற்றுகிறவர்கள், ஓர் ஏரியால் வரக்கூடிய ஆபத்தை எண்ணாமல் படுக்கலாமா? படுக்குமுன் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைச் சாத்தும் வீட்டில், மழைக்காலத்துக்கு முன் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழிவுநீர்க் கால்வாயைத் தூர்வாருவதும் அதே வரிசையில் சேர்ந்த அமல்தான்.

யாருடைய உயிரை வைத்துத் தவக்குல்?

இனிக் கேள்வியின் மையத்துக்கு வருவோம். ஒருவர் தன்னந்தனியாக வாழ்கிறார். தம் ஒருவரின் பொருளையும் உடலையும் அல்லாஹ்விடம் விட்டுவிட்டேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிலும் மார்க்கம் அவருக்கு முழு உரிமை தரவில்லை. தன்னைத் தானே அழிவில் போட்டுக்கொள்வது தடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது அதைவிடப் பெரிது. கவனக்குறைவு குடும்பத் தலைவருடையது. அதன் விலையைக் கொடுப்பவர்கள் வேறு பலர். நடக்க முடியாத தாய், நிறைமாதக் கர்ப்பிணி, இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமனார், பால் குடிக்கும் குழந்தை, கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பம். இவர்களில் யாரும் அவருடைய தவக்குலுக்குத் தம் உயிரைப் பிணை வைக்கச் சம்மதித்ததில்லை.

ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றிக் கேட்கப்படுவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நாளை மறுமையில், உன் தாயை ஏன் நீர் இடுப்பளவு வரும்வரை கீழ்த்தளத்தில் வைத்திருந்தாய் என்று கேட்கப்பட்டால், உன்மீது தவக்குல் வைத்திருந்தேன் யா அல்லாஹ் என்று பதில் சொல்லத் துணிவோமா? தவக்குல் என்பது அடியானுக்கும் ரப்புக்கும் இடையிலுள்ள உறவு. பிறர் உயிரை நம்மிடம் ஒப்படைத்திருப்பது அமானத். அமானத்தைத் தவறவிட்டுவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டினால், ஒரு பாவத்துக்கு வணக்கத்தின் உடையை உடுத்துகிறோம்.

உயிருக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் மதிப்பை ஃபுகஹாக்களின் ஒரு சட்டத்திலிருந்தே விளங்கலாம். தொழுதுகொண்டிருப்பவரின் கண்முன் ஒருவர் தண்ணீரில் மூழ்கித் தத்தளித்தால், காப்பாற்றும் சக்தியுள்ளவர் தொழுகையை முறித்துவிட்டு ஓட வேண்டும் என்று அவர்கள் தீர்ப்பளித்துள்ளனர். ஃபர்ளான தொழுகையையே முறிக்கச் சொல்லும் மார்க்கம், ஒரு பையை எடுத்து வைக்கும் சிரமத்திலிருந்து நமக்கு விலக்கு அளித்துவிட்டதா? கடும் மழையில் ஜமாஅத்துக்கு வராமல் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ள நபியவர்கள் காலத்திலேயே அறிவிக்கப்பட்டதும் நாம் அறிந்ததே.

"நாங்கள் ஏழைகள், பள்ளமான இடத்தில்தான் எங்களால் வாடகை கொடுக்க முடிகிறது, எதை வைத்து ஏற்பாடு செய்வோம்?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. அல்லாஹ் எவரையும் சக்திக்கு மீறிச் சோதிப்பதில்லை. ஏழையின் கடமை அவருடைய சக்தி அளவுக்குத்தான். ஆனால் அவரால் முடியாத மீதி மறைந்துபோவதில்லை. அது அண்டை வீட்டார்மீதும், வசதியுள்ளவர்மீதும், மஹல்லா ஜமாஅத்தின்மீதும் வந்து நிற்கிறது. யாரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகளாகும் ஃபர்ளு கிஃபாயாவைப் போன்றதே இது.

தண்டனை என்று சொல்லலாமா?

வெள்ளம் வடிந்தவுடன் சிலர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுகின்றனர். அந்தத் தெருவினர் செய்த பாவம், அந்த மக்களுக்கு வந்த அதாபு என்கின்றனர். இந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? மக்கா மாநகரமே வெள்ளம் பாயும் பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களுக்கு 35 வயதாக இருந்தபோது குறைஷிகள் கஃபாவைப் புதுப்பிக்க நேர்ந்ததற்குக் கட்டடத்தை வெள்ளம் பலவீனப்படுத்தியதும் ஒரு காரணம். ஹிஜ்ரி 17-ல், உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், உம்மு நஹ்ஷல் வெள்ளம் என்று பெயர் பெற்ற பெருவெள்ளம் ஹரமில் புகுந்து மகாமு இப்ராஹீமையே அடித்துச் சென்றது. 1941-ஆம் ஆண்டு வெள்ளத்தில் கஃபாவைச் சுற்றி நீந்தி வலம் வந்தவர்கள் உண்டு. அல்லாஹ்வின் வீட்டுக்கே வெள்ளம் வந்திருக்க, அடையாற்றங்கரைக் குடிசைக்கு வந்ததை வைத்து யாருக்கு என்ன தீர்ப்புச் சொல்ல நாம் யார்? நீரில் மூழ்கி இறக்கும் முஃமினை ஷஹீதுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் நபியவர்கள். அந்த மய்யித்துகளை நோக்கி விரல் நீட்டுவது பெரும் அபாயம்.

செய்தி கேட்டு மதீனாவிலிருந்து புறப்பட்டு வந்த உமர் (ரலி) அவர்கள் மகாமு இப்ராஹீமை அதன் இடத்தில் திரும்ப வைத்தார்கள். அத்தோடு நிற்காமல், மக்காவின் மேற்பகுதியில் வெள்ளத்தைத் தடுக்க அணையும் கட்டினார்கள். அல்லாஹ்வின் வீட்டைப் பாதுகாக்கவே அணை கட்டியவர்களைத் தவக்குல் இல்லாதவர்கள் என்று யார் சொல்வார்?

கப்பலில் துளையிடுவோர்

2015 வெள்ளத்தைப் பற்றி 2018-ல் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே கூறியது. ஏரிநீரைத் திறந்துவிட்ட முறை ஒருபுறம். நீர்நிலைகளும் கால்வாய்களும் ஆக்கிரமிக்கப்பட்டது மறுபுறம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகள் பெருகின, வேலை வந்தது, மனை விலை ஏறியது. அதன் பரக்கத்தை நம்மவர்களும் அனுபவிக்கிறோம். ஆனால் வாங்கிய மனை முன்பு எந்த ஓடையின் பாதை என்று கேட்டோமா? வீட்டு முன் படிக்கட்டைக் கால்வாய்மீது நீட்டும்போது, அங்கே தடுக்கப்படும் தண்ணீர் எந்த வீட்டுக்குள் போகும் என்று எண்ணினோமா?

கப்பலின் மேல்தளத்திலும் கீழ்தளத்திலும் பயணம் செய்த மக்களைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமை புகாரி ஷரீபில் உள்ளது. கீழ்தளத்தார் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் ஒரு துளை போட்டுக்கொள்ள எண்ணினர். மேலுள்ளோர் அவர்களைத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர்; விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர். என் மனை, என் பணம், என் கட்டடம் என்று சொல்லி நீர்வழியை அடைப்பவர் செய்வது அந்தத் துளையைத்தான். இங்கே ஒரு வேறுபாடும் உண்டு. வசதியுள்ளவர் வாசலை நான்கடி உயர்த்திக் கட்டிக்கொள்கிறார். முதலில் மூழ்குவது பள்ளத்திலிருக்கும் ஏழை. நம் முன்னோர் ஊர் கூடிக் குடிமராமத்து செய்து ஏரியையும் வாய்க்காலையும் காத்தனர். நீர் ஒரு நிஃமத். நிஃமத்துக்கு நன்றி செலுத்துவது நாவால் மட்டும் முடிந்துவிடுவதன்று.

நினைவும் ஓர் அமானத்

இந்தோனேஷியாவின் ஆச்சே மாகாணத்தில் ஸிமெலூ என்று ஒரு தீவு; மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். 1907-ல் அங்கே கடல் பொங்கிப் பலரைக் கொன்றது. பிழைத்தவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயரிட்டு, நிலம் கடுமையாக அதிர்ந்தபின் கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்க நிற்காமல் மலைக்கு ஓடுங்கள் என்று பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவந்தனர். 97 ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26-ல், நிலநடுக்கத்தின் மையத்துக்கு அருகிலிருந்த அத்தீவைச் சில நிமிடங்களில் ஆழிப்பேரலை அடைந்தது. சுமார் 78,000 மக்களில் இறந்தவர்கள் 7 பேர். அதே நாளில் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டவர்கள் 6,000-க்கும் மேல். நம் கடற்கரையில் அப்படி ஒரு நினைவு இருக்கவில்லை; எச்சரிக்க அன்று ஏற்பாடும் இல்லை.

வங்காள தேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பரில் வீசிய புயலில் குறைந்தது 3 லட்சம் மக்கள் இறந்தனர். அதன்பின் கிராமந்தோறும் தொண்டர்களைப் பயிற்றுவித்தனர். புயல் காப்பிடங்கள் கட்டினர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளையும் எச்சரிக்கைக்குப் பயன்படுத்தினர். 2007-ல் அதற்குக் குறையாத வேகத்தில் ஸித்ர் புயல் வந்தபோது இறந்தவர்கள் 3,000-க்குச் சற்று மேல். அதுவும் பெரும் துயரமே. ஆயினும் லட்சங்கள் ஆயிரங்களாகக் குறைந்தன. அந்த மக்களின் ஈமான் குறைந்ததால் அல்ல இது. ஒட்டகத்தைக் கட்டக் கற்றுக்கொண்டதால்.

குன்றத்தூரில் 2015-க்குப் பின் குடியேறியோர் எத்தனையோ பேர். தண்ணீர் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்று அறிந்தவர்கள் அவர்களுக்குச் சொல்லிவைப்பது கடமை.

செய்ய வேண்டியவை

புரட்டாசியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ்கள், நிக்காஹ் பதிவின் நகல் ஆகியவற்றை நீர்புகாத ஒரே பையில் போட்டுப் பரணில் வைக்கவும். அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள் பத்து நாளைக்கு. குடிதண்ணீர், அவல், பேரீச்சம்பழம், பிஸ்கட் மூன்று நாளைக்கு. டார்ச் விளக்கு, பாட்டரி வானொலி, நிறைத்து வைத்த பவர் பேங்க். தண்ணீர் வாசல் ஏறுமுன் மெயின் சுவிட்சையும் காஸ் சிலிண்டரையும் அடைத்துவிட வேண்டும். வெள்ளநீர் புகுந்த தொட்டி நீரை, தொட்டியைச் சுத்தம் செய்து பிளீச்சிங் பவுடர் போடும்வரை குடிக்கவோ சமைக்கவோ கூடாது. சாக்கடை கலந்து நிறமோ வாடையோ மாறிய நீர் ஒளுவுக்கும் உதவாது. மாவட்ட உதவி எண் 1077, மாநில எண் 1070. இவற்றை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். யாரை, எந்த வீட்டு மாடிக்கு, யார் தூக்கிச் செல்வது என்பதை மழைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

முன்கூட்டியே வாங்குவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் பால் பாக்கெட் பல மடங்கு விலைக்கு விற்றது. புயல் நாளன்று கடைக்கு ஓடிப் பத்துப் பாக்கெட் வாங்குபவர் அண்டை வீட்டுக் குழந்தையின் பங்கையும் சேர்த்தே எடுக்கிறார். பதுக்கி விற்பவரை மார்க்கம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. காலத்தில் வாங்கியவர் நெருக்கடியில் பிறருக்குக் கொடுக்கவும் முடியும்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியதும் உண்டு. மஹல்லாவில் முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள், தனித்து வாழும் பெண்கள் யார் யார் என்ற பட்டியல் நிர்வாகிகள் கையில் இருக்கட்டும். பள்ளிவாசலின் மேல்தளம் யாவருக்கும் திறக்கப்படட்டும். 2015-ல் பல பள்ளிவாசல்கள் மதம் பாராமல் திறக்கப்பட்டதை நாடு கண்டது. பீஹார், ஒடிஸா, ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வந்து கீழ்த்தள அறைகளில் பலராகத் தங்கியிருக்கும் தொழிலாளிகளுக்குத் தமிழ் அறிவிப்பு விளங்காது. உர்தூ, ஹிந்தி அறிந்த நம்மவர் அவர்களுடைய கதவைத் தட்ட வேண்டும். அவர்கள் முஸ்லிமா இல்லையா என்பது அந்த நேரத்துக் கேள்வியன்று. கபரஸ்தானில் நீர் நின்றால் மய்யித்தை எங்கே அடக்குவது என்பதையும் மேட்டுப் பகுதி ஜமாஅத் ஒன்றுடன் முன்பே பேசி வைக்கட்டும்.

இவ்வளவு செய்த பிறகும் தண்ணீர் வரலாம். கட்டிய ஒட்டகத்தையும் வெள்ளம் கொண்டுபோகலாம். தவக்குலின் உண்மையான இடம் அங்கேதான். முன்னேற்பாடு செய்தவன் தன் ஏற்பாட்டின்மீது கர்வம் கொள்ளாமல் தவக்குல் தடுக்கிறது. இழந்தவன் நம்பிக்கை இழந்துவிடாமலும் அதுவே தாங்குகிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு இரவில் மழைச் சத்தத்தைக் கேட்டவாறே, யா அல்லாஹ், இனி உன் பொறுப்பு என்று சொல்லக் கிடைக்கும் நிம்மதி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குக் கிடைக்காது.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் மழையைப் பயனுள்ள மழையாக்கி வைப்பானாக! நம் பொறுப்பில் உள்ளவர்களின் அமானத்தைப் பேணி நடக்கும் தவ்ஃபீக்கை நமக்கும், நம் அண்டை வீட்டார் அனைவருக்கும் பாதுகாப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.